சந்தகை மெஷினை அனுப்பியிருக்கிறேன்

கண்ணு,

நேற்று ராத்திரி போனில் நீ கேட்டதற்கு நான் பதிலே சொல்லாமல் "சரி, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிட்டேன். அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமில்லை. "இந்த வருஷம் புனேயிலேயே கிறிஸ்துமஸ் நோம்பி வைத்துக்கொள்ளட்டுமா அம்மா, பிள்ளைகள் அலைச்சல் தாங்க மாட்டேன் என்கிறார்கள்" என்று நீ இழுத்து இழுத்துக் கேட்டபோது உன் குரலில் இருந்த பயம்தான் எனக்குக் கஷ்டமாகிவிட்டது. பெற்றவளிடம் இதைக் கேட்க இத்தனை பயமா? போனில் பேசினால் நடுவில் அழுதுவிடுவேன், நீயும் அழுவாய், பாப்பா மிரண்டுபோகும். அதனால்தான் எழுதுகிறேன். வைத்துக்கொள் கண்ணு. உன் வீட்டில், உன் அடுப்பில் வைத்துக்கொள்.

இதே கேள்வியை நான் 1988இல் என் அம்மாவிடம், உன் அம்மிச்சியிடம் கேட்டிருக்கிறேன். கல்யாணமாகி முதல் கிறிஸ்துமஸ். நாங்கள் கருமத்தம்பட்டிக்காரர்கள், ஜெபமாலை மாதா கோயிலின் நடுராத்திரிப் பூசை இல்லாத ஒரு நோம்பி எனக்குத் தெரியவே தெரியாது. உங்கப்பா வீட்டிலோ ஈரோடு பிரப் சர்ச்சில் விடியற்காலை ஆராதனைதான் எல்லாம். அம்மிச்சியிடம் போய், இந்த வருஷம் ஈரோட்டிலேயே இருந்துவிடட்டுமா என்றேன். "பூசை பாக்காம அதென்ன நோம்பி" என்று ஒரே வார்த்தைதான் சொன்னார், அப்புறம் இரண்டு நாள் பேசவில்லை. இந்தப் பக்கம் உன் அப்பத்தா, புது மருமகள் விடியற்காலையில் தன் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டார், அதையும் தப்பென்று எப்படிச் சொல்வது. இரண்டு பேர் மனசும் கோணக்கூடாது என்று நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். 24ஆம் தேதி ராத்திரி கருமத்தம்பட்டியில் பூசை முடித்து, ஹைவேயில் கையைக் காட்டி பஸ் ஏறி, அவிநாசி, பெருந்துறை வழியாகக் கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர் வந்து, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நாலரை மணிக்குப் பிரப் சர்ச் பெஞ்சில் உட்காருவது. பத்து வருஷத்துக்கு மேல் இப்படி ஓடினோம்.

உனக்கு மூன்று வயதான வருஷம், பஸ்ஸில் என் தோளில் கிடந்த உன் உடம்பு அனலாகக் கொதித்தது. பனி, மார்கழிக் குளிர், ஜன்னல் கண்ணாடி மூடவில்லை. உங்கப்பா பெருந்துறையில் இறங்கி ஆஸ்பத்திரி பார்ப்போமா என்றார். நான்தான் வேண்டாம், ஆராதனை தொடங்கிவிடும் என்றேன். கண்ணு, அதை இத்தனை வருஷமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. உனக்கு அன்று மதியத்துக்குள் காய்ச்சல் இறங்கிவிட்டது, எல்லோரும் மறந்தும்விட்டார்கள், எனக்கு மட்டும் ஒவ்வொரு டிசம்பரிலும் அந்தச் சூடு தோளில் தெரிகிறது. பிள்ளைக்காகப் பிறந்த ஒரு நோம்பியில் என் பிள்ளையை நான் பார்க்கவில்லை. அதனால் உன் இரண்டும் அலைச்சல் வேண்டாம் என்றால், வேண்டாம்தான். ஏழு வயதும் நாலு வயதும் சொல்வதை நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் என்ன சொல்லுவார்கள் என்று நீ கவலைப்படுகிறாய். சொல்லத்தான் சொல்லுவார்கள். உன் சித்தப்பா இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார், அவருக்கு வீடு நிறைய பொடுசுகள் இருந்தால்தான் கிறிஸ்துமஸ். போச்சாது விடு, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். வீடியோ காலில் போனைக் கைமாற்றிக் கைமாற்றி இருபது பேரிடம் நீட்டி "பாட்டுப் பாடு, வசனம் சொல்லு" என்று பாப்பாவைக் கேட்கவும் விடமாட்டேன். உன்னை நான் அப்படி நிறுத்தியிருக்கிறேன். கேரல் ரவுண்ட்ஸ் ராத்திரி இரண்டு மணிக்கு நம் வாசலுக்கு வரும், டோலக்கும் ஜால்ராவுமாகத் தெருவே அதிரும், தூக்கத்தில் இருந்த உன்னை எழுப்பித் தூக்கிவந்து முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தாவிடம் நீட்டுவேன், நீ வீறிட்டு அழுவாய், எல்லோரும் சிரிப்பார்கள். பயந்த பிள்ளையை உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைக்க வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. நீ உன் பிள்ளைகளைத் தூங்கவிடு. அவர்களாக எழுந்து வந்தால் சுக்குக் காப்பி டம்ளர்களை எடுத்துக் கொடுக்கச் சொல், அது போதும்.

இதுவரை சொன்னது விடவேண்டியவை. விடக்கூடாதவை என்று சிலது எனக்கு இருக்கிறது, அதைத்தான் சொல்ல வந்தேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது வாங்கிக் கொடுத்த பொம்மைகளில் ஒன்றாவது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? போன தடவை வந்தபோது நீ பெரியவனுக்குச் சொன்ன கதையெல்லாம் நீ செய்த வேலைகளைப் பற்றித்தான். ராகி விதைத்தது, சோளத்தட்டு சுமந்தது, தட்டு கொண்டுபோய்க் கொடுத்தது. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்கு நோம்பியில் ஒரு வேலை கொடு கண்ணு, நிஜமான வேலை, அவர்கள் செய்யாவிட்டால் நடக்காது என்கிற மாதிரி வேலை.

குடிலிலிருந்து ஆரம்பி. என் அப்பா, உன் அப்பிச்சி, கடையில் குடில் வாங்கியதே இல்லை. ஒரு வருஷம் பங்குச் சாமியார் பிரசங்கத்தில், முதன்முதலில் குடில் வைத்தவர் அசிசி பிரான்சிஸ், இத்தாலியில் கிரேச்சியோ என்கிற ஊரில் 1223இல், பொம்மை கிம்மை இல்லாமல் உயிரோடு ஒரு காளையும் ஒரு கழுதையும் நிறுத்தி, வைக்கோல் பரப்பிப் பூசை வைத்தார் என்று சொல்லியிருக்கிறார். அப்பிச்சி வீட்டுக்கு வந்து, "நம்ம தொண்டுப்பட்டிலயே எல்லாம் இருக்குதே" என்றார். அன்றிலிருந்து குடில் மாடு கட்டுகிற தொண்டுப்பட்டிக்குப் போய்விட்டது. சோளத்தட்டில் கூரை, மாடு தின்கிற தொட்டியில் வைக்கோல், அதன்மேல் சின்னக் குழந்தை இயேசு சுரூபம், பக்கத்தில் நம் காங்கயம் பசு நின்று அசைபோட்டுக்கொண்டிருக்கும். நீ ஐந்து வயதில் அப்பிச்சியிடம், அம்மா வெள்ளையாக இருக்கிறது, கன்னுக்குட்டி மட்டும் ஏன் சிவப்பு என்று கேட்டாய். காங்கயம் கன்று பிறக்கும்போது செவலையாகத்தான் இருக்கும், ஆறு மாசத்தில் நிறம் மாறிவிடும் என்று அவர் சொன்னதை நீ நம்பவில்லை. சித்திரையில் லீவுக்குப் போய் அது சாம்பல் நிறமாக நிற்பதைப் பார்த்த பிறகுதான் நம்பினாய்.

இன்னொன்றும் அங்கேதான் உனக்குப் புரிந்தது. ராத்திரி கருமத்தம்பட்டியில் வாசிக்கும்போது பிள்ளையைத் தீவனத் தொட்டியில் கிடத்தினார் என்று வரும், காலையில் பிரப் சர்ச்சில் அதே லூக்கா இரண்டாம் அதிகாரம், முன்னணையிலே கிடத்தினாள் என்று வரும். முன்னணை என்றால் தொட்டில் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய். அப்பிச்சி உன் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அந்தத் தொட்டியில் வைத்து, "இதுதான் கண்ணு, ரெண்டும் இதுதான்" என்றார். தொட்டி ஈரமாக, புண்ணாக்கு வாசத்தோடு இருந்தது. நீ உடனே கையை எடுத்துவிட்டு, "இதிலா படுக்கவைத்தார்கள்" என்று கேட்டாய். எந்தப் பிரசங்கமும் எனக்கு அந்தக் கேள்வி அளவுக்குச் சொல்லித்தந்ததில்லை.

உன் அபார்ட்மெண்டில் மாடு நிறுத்த முடியாது, தெரியும். ராகி விதைக்கலாம். அகலமான தட்டில் ஈரமண் பரப்பி, ராத்திரி ஊறவைத்த ராகியைத் தூவி, மேலே மெல்லிசாக மண் போட்டு, தினமும் கையால் தண்ணீர் தெளித்தால் போதும், பத்து நாளில் பச்சைப் புல்லாக நிற்கும். தண்ணீர் தெளிக்கிற வேலை முழுக்கப் பாப்பாவுடையது. நீ ரகசியமாகக் கூடத் தெளிக்காதே. காய்ந்துபோனால் போகட்டும், அடுத்த வருஷம் மறக்காது. கூரை போடுகிற வேலை பெரியவனுக்கு, கோணலாகப் போட்டாலும் நிமிர்த்தாதே.

கேக் உனக்கே நன்றாக வரும், அதைப் பற்றி நான் எழுத ஒன்றுமில்லை. ஊத்துக்குளி வெண்ணெய் மட்டும் கேட்டாய், அதை இந்தப் பார்சலில் வைத்தால் உருகிவிடும், யாராவது ரயிலில் வந்தால் கொடுத்தனுப்புகிறேன். கேக் வெட்டும்போது உங்கப்பா வழக்கமாகச் சொல்கிற கதையைப் பிள்ளைகளுக்கு நீயே சொல்லிவிடு. தலச்சேரியில் 1883இல் மம்பள்ளி பாப்பு என்கிற பேக்கரிக்காரரிடம் ஒரு வெள்ளைக்காரத் துரை இங்கிலாந்திலிருந்து வந்த கேக்கைக் கொடுத்து, இதே மாதிரி செய்து காட்டு என்று கேட்டதும், அவர் செய்தே காட்டியதும். நம் ஊரில் எங்களிடம் ஓவன் இல்லாத காலத்தில் மாவைக் கலந்து தூக்கில் எடுத்துப்போய் பேக்கரி அடுப்பில் வைத்து வாங்கி வருவோம், 23ஆம் தேதி ராத்திரி அங்கே நிற்கிற கூட்டத்தில் பாதி சர்ச் கொயர் ஆட்கள்தான். சம்பந்தியம்மா முந்திரிக்கொத்து அனுப்புவார்களே, அதையும் கேக்கோடு சேர்த்தே தட்டில் வை. மாப்பிள்ளை ஊர்ப் பலகாரமும் உன் பிள்ளைகளின் நோம்பிதான்.

இனி சந்தகை, நம் அரிசிச் சேவை. அம்மா எதற்கு இத்தனை பெரிய இரும்பை அனுப்பியிருக்கிறாள் என்று மாப்பிள்ளை கேட்பார். இது உன் அப்பத்தாவுடைய மூன்று கால் மெஷின். கிறிஸ்துமஸ் விடியற்காலை ஆராதனை முடிந்து வந்ததும் நம் வீட்டில் முதல் வேலை சந்தகைதான். உனக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கும், சொல்கிறேன். இட்லி அரிசியை நாலு மணி நேரம் ஊறவைத்து உப்புப் போட்டு மைய அரைத்துக்கொள், புளிக்கவிடாதே. இட்லித் தட்டில் ஊற்றி வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் குழலில் போட்டுப் பிழிய வேண்டும். ஆறினால் கை ஒடிந்துபோகும், இறங்கவே இறங்காது. அதனால் இது தனி ஆளாகச் செய்கிற பலகாரமே இல்லை. ஒருத்தர் இட்லியை எடுத்துப் போட, ஒருத்தர் காலை அழுத்திப் பிடிக்க, ஒருத்தர் கைப்பிடியைச் சுற்ற, ஒருத்தர் கீழே தட்டை நீட்டிச் சுழற்றி வாங்க வேண்டும். தட்டு நீட்டுகிறது எப்போதும் பிள்ளைகள் வேலை. நீயும் தம்பியும் அதற்குச் சண்டை போட்டிருக்கிறீர்கள்.

முதல் ஈடு யாருக்கு என்று ஞாபகம் இருக்கிறதா? உன் பெரிய மாமாவுக்கு. உங்க பெரியத்தை வேற்று மதத்தில் விரும்பிக் கல்யாணம் பண்ணிக்கொண்டது, அப்பத்தா நாலு வருஷம் பேசாமல் இருந்தது எல்லாம் நீ பிறப்பதற்கு முன்னால் நடந்தவை. மாமா வருஷா வருஷம் மகரஜோதிக்கு மலைக்குப் போகிறவர், அதனால் கிறிஸ்துமஸ் அன்று மாலை போட்டுத்தான் இருப்பார், கவிச்சி சமைத்த வீட்டில் கை நனைக்க மாட்டார். வராமலே இருந்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் பெரியத்தை பிறந்த வீட்டுக்கு நோம்பிக்கு வர வேண்டுமே என்று, காலை ஏழு மணிக்குக் கறுப்பு வேட்டியோடு வாசலில் வந்து நிற்பார். முதல் வருஷம் அப்பத்தா என்ன செய்வாரோ என்று எனக்குக் கை நடுங்கியது. அவர் ஒன்றும் பேசவில்லை. முதல் நாள் ராத்திரியே கறிப் பாத்திரத்தையெல்லாம் கொல்லைத் திண்ணையில் கவிழ்த்துவைத்து, அடுப்படியைக் கழுவி, மெஷினை வெந்நீர் ஊற்றித் தேய்த்துக் காயவைத்திருந்தார். "வாங்க சாமி" என்று கூப்பிட்டு, தலைவாழை இலையில் முதல் ஈட்டுச் சந்தகையைப் போட்டு, தேங்காய்ப்பாலும் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையும் ஊற்றினார். மாலை போட்டவரைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ. மாமா கண் கலங்கிவிட்டது. அவர் சாப்பிட்டு எழுந்து கிளம்பின பிறகுதான் கோழிக்குழம்புச் சட்டி அடுப்பில் ஏறியது, நாங்கள் எல்லோரும் எட்டரை வரைக்கும் பசியோடு காத்திருந்தோம், பிள்ளைகள் உட்பட. அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. நீ அந்த ஒன்றரை மணி நேரம் பசிக்கிறது என்று ஒரு நாளும் சிணுங்கியதில்லை. சாமி சாப்பிட்டாச்சா, சாமி சாப்பிட்டாச்சா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பாய்.

இதை நீ புனேயில் அப்படியே செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். உன் வீட்டில் முதல் ஈடு யாருக்கு என்று நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் உட்கார்ந்து பேசுங்கள். உன் மாடியில் தனியாக இருக்கிற அந்தப் பெரியவரைப் பற்றிச் சொன்னாயே, அவராக இருக்கலாம். வாட்ச்மேன் குடும்பமாக இருக்கலாம். யாரோ ஒருத்தர் நம் வீட்டுக்கு வருவதற்காக நாம் கொஞ்சம் காத்திருக்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

தட்டும் அப்படித்தான். போன தீபாவளிக்கு நான் அங்கே இருந்தபோது உன் பக்கத்து வீட்டு மராத்திக்காரம்மா சக்லி, நம் சோமாஸ் மாதிரியே கரஞ்சி, லட்டு எல்லாம் தட்டு நிறைய வைத்துக் கொடுத்தார்கள். அந்தத் தட்டை நீ இன்னும் திருப்பித் தரவில்லை என்று அடுக்களையில் பார்த்தேன், வெறுந்தட்டாகத் தரக்கூடாது என்று வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும், சந்தோஷமாக இருந்தது. கிறிஸ்துமஸுக்கு அதில் பலகாரம் வைத்து, பெரியவன் கையில் கொடுத்தனுப்பு. நீ கூடப் போகாதே, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிரு. நம் தெருவில் மஞ்சள் மண்டிக்காரர் வீட்டுக்கும் பாய் வீட்டுக்கும் நீ தனியாகத் தட்டு கொண்டுபோன முதல் வருஷம், திரும்பி வரும்போது தட்டில் சர்க்கரை கொட்டிக் கொடுத்திருந்தார்கள், அதைச் சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நீ நடந்துவந்த நடை எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் இருக்கிறது.

எங்களைப் பற்றிக் கவலைப்படாதே. இப்போது இங்கே கூடுவதே பன்னிரண்டு பேர்தான், அம்மிச்சியின் பித்தளை உரல் போதும், உங்கப்பாவால் முன்னே மாதிரி மூன்று கால் மெஷினைச் சுற்றவும் முடியவில்லை, தோள் வலிக்கிறது என்கிறார். சாமி போன வாரமே வந்து, மெஷின் யாருக்குப் போகிறது என்று கேட்டுக்கொண்டு போனார். உனக்கு என்றதும், கைப்பிடியின் ஆணி லூசாக இருக்கிறதே என்று பட்டறைக்குத் தூக்கிப்போய்ப் புது ஆணி அடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

பவானி ஜமக்காளத்தில் சுற்றிக் கட்டியிருக்கிறேன். நீங்களெல்லாம் 24ஆம் தேதி ராத்திரி ஹாலில் வரிசையாகப் படுப்பீர்களே, அதே சிவப்புப் பட்டை போட்டதுதான், ஓரத்தில் மெழுகுவத்தி சிந்தின இடம் கூட இருக்கிறது. பிள்ளைகளை அன்றைக்கு ராத்திரி அதிலேயே படுக்கவை, நீங்களும் கட்டிலை விட்டு இறங்கிப் படுங்கள். உள்ளே சின்னத் துணிப்பையில் விதைக்கிற ராகி, டப்பாவில் நாட்டுச்சர்க்கரை. மெஷின் வந்ததும் வெந்நீர் ஊற்றிக் கழுவிவிட்டு, அச்சில் நல்லெண்ணெய் தடவி ஒரு நாள் விடு. முதலில் கொஞ்சம் மாவைச் சும்மா பிழிந்து எறிந்துவிடு, கறுப்பாக வரும், அதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடாதே. ராகியை 14ஆம் தேதிக்குள் விதைத்துவிடுங்கள். முளை வந்ததும் பாப்பாவை விட்டே எனக்குப் போன் பண்ணச் சொல்.

அம்மா
ஈரோடு